படி இறங்கும்போது முட்டி வலி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை: இது தேய்மானத்தின் ஆரம்பமா?

பள்ளத்தூரான்

ஆத்தாவுக்கு 53 வயசு, 5 அடி 1 அங்குலம், 71 கிலோ. சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு மட்டும் மாத்திரை. மூணு மாசமா வலது முட்டியில வலி. சும்மா இருக்கையில ஒண்ணும் தெரியலங்கிறாக. மாடிப்படி ஏறுறதைவிட இறங்கும்போதுதான் பிடிக்குது. அரிவாள்மனையோட அரைமணி நேரம் தரையில உக்காந்துட்டு எந்திரிச்சா முதல் நாலஞ்சு எட்டு நொண்டி நடக்குறாக, அப்பறம் சரியாயிருது. காலையில ஒரு பத்து நிமிஷம் முட்டி கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. மடக்கி நீட்டுனா நறநறன்னு சத்தம்.

எக்ஸ்ரே எடுத்தாச்சு. படுக்கவச்சுதான் எடுத்தாக, ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கு. பக்கத்து வீட்டு ஆச்சி 'இது வாதம், ரத்தம் டெஸ்ட் பண்ணு'ங்கிறாக. மருந்துக்கடையில 'கால்சியம் குறைச்சல்'னு ஒரு டப்பா குடுத்தாக. எக்ஸ்ரே நார்மல்னா தேய்மானம் இல்லைன்னு அர்த்தமா? எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா? தைப்பூசத்துக்குப் பழனி நடக்குறதா வேண்டுதல் இருக்கு, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

எலும்புமூட்டு

தம்பி, அந்த ரிப்போர்ட்டைவிட நீங்கள் எழுதியிருக்கும் நாலு வரியில் விஷயம் அதிகம் இருக்கிறது. 45 வயது தாண்டியவர், வேலை செய்தால் வலி, உட்கார்ந்தால் குறைவு, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. இவ்வளவும் சேர்ந்து, வேறு நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், படமே எடுக்காமல் முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம். பிரிட்டனில் மருத்துவ வழிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இப்படித்தான் சொல்கிறது. நேரில் முட்டியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனாலும் உங்கள் விவரம் ஆரம்பத் தேய்மானத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

எக்ஸ்ரே ஏன் நார்மல்? எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு (எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறை, தேய்வது இதுதான்) தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் தெரியும், அதை வைத்துக் குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்கிறோம். படுத்திருக்கும்போது முட்டியில் பாரம் இல்லை, அதனால் தேய்ந்த இடத்திலும் இடைவெளி அகலமாகக் காட்டும். நின்றுகொண்டு, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் ஊன்றி எடுத்தால்தான் உண்மையான இடைவெளி தெரியும். முட்டிச்சில்லுக்குப் பின்பக்கம் தேய்ந்திருந்தால் நேர்ப்படத்தில் அதுவும் வராது. முட்டியை மடக்கி, சில்லின் மேலிருந்து தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தைப் பார்த்துத் தேய்மானத்துக்கு 0 (இல்லை) முதல் 4 (மிகக் கடுமை) வரை தரம் போடும் கெல்கிரன்-லாரன்ஸ் முறை 1957-லிருந்து இருக்கிறது. தரம் 3 என்று ரிப்போர்ட் வாங்கியவர் வலியில்லாமல் நடப்பதும், தரம் 1 உள்ளவர் படியிறங்கப் பயப்படுவதும் அன்றாடம் பார்க்கிற சங்கதி.

குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அதனால் அது தேயத் தொடங்கும்போது வலி சொல்லிக்கொண்டு வராது. கீழே இருக்கும் எலும்பும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் பாதிக்கப்பட்ட பிறகுதான் வலிக்கும். முதல் குறி பெரும்பாலும் படிக்கட்டில் தெரிவதற்கும் காரணம் உண்டு. சமதரையில் நடக்கும்போது முட்டிக்குள் இறங்கும் பாரம் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்றரை மடங்குக்குப் பக்கத்தில் போகும். இறங்கும்போது தொடையின் முன்சதை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். சதை சோர்ந்திருந்தால் பிரேக் நழுவி, மொத்தப் பாரமும் மூட்டில் 'தொப்'பென்று விழும். சமதரையில் வலித்து நடக்க முடியாமல் போவதெல்லாம் பல வருஷம் கழித்து. அதனால் 'நடக்க முடியுதா?' என்று கேட்காதீர்கள், நடக்க முடிகிறது என்றுதான் பதில் வரும். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிகிறதா, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாரா, தரையிலிருந்து எழ எதையாவது பிடிக்கிறாரா, பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடும்போது பாதியிலேயே நிமிர்ந்துவிடுகிறாரா, பந்தியில் இலைக்கு முன்னால் ஒரு காலை மட்டும் நீட்டி உட்காருகிறாரா என்று கவனியுங்கள். அவர்களே 'வலிக்குது' என்று சொல்வதற்கு முன்னால் இந்த ஒதுக்கல்கள் தொடங்கியிருக்கும்.

சத்தத்தைப் பற்றி. வலியில்லாத 'டக்' சத்தம் எல்லா வயதிலும் வரும், அதை விடுங்கள். உள்ளங்கையைச் சில்லின் மேல் வைத்து முட்டியை மடக்கி நீட்டும்போது, நனைந்த மணலைத் தேய்ப்பதுபோல் நறநறப்பு கையில் தட்டுப்பட்டு, அதோடு வலியும் இருந்தால் அதுதான் கணக்கு.

எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு எடுத்தால், முட்டி வலியே இல்லாதவர்களிலும் நிறைய பேருக்கு 'ஜவ்வு கிழிசல்' என்று வரும். அந்த வார்த்தையைப் பார்த்துப் பயந்து துளைவழி அறுவைக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. தேய்மான முட்டியை உள்ளே விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வதால் பலன் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. முட்டி நடுவழியில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் மட்டும் எம்.ஆர்.ஐ. பற்றி யோசிக்கலாம்.

ஆச்சி சொல்லும் 'வாதம்' வேறு கதை. முடக்குவாதம் என்றால் காலை இறுக்கம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ போகும். கைவிரல் கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி என்று சின்ன மூட்டுகளில், இரண்டு பக்கமும் வீக்கம் வரும், ஆள் சோர்ந்துபோவார். வேலை செய்தால் தேய்மான வலி கூடும், முடக்குவாத இறுக்கம் கொஞ்சம் இளகும். அப்படி ஏதும் இருந்தால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்தைக் காட்டும் ஆர்.ஏ. காரணி, ஆன்டி சி.சி.பி. பார்க்க வேண்டும். குறி எதுவும் இல்லாமல் சும்மா பார்த்தால் குழப்பம்தான் மிச்சம். ஆர்.ஏ. காரணி ஆரோக்கியமான வயசாளிகளிலும் பாசிட்டிவ் காட்டும், கவுட் வாதத்துக்காகப் பார்க்கும் யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடியிருப்பதும் சகஜம். போன வருஷம் சிக்குன்குனியா வந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூட்டு வலி மாதக்கணக்கில் இழுக்கும்.

காத்திருக்கக் கூடாதவை: ஒரே நாளில் முட்டி சிவந்து, கொதித்து, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் சீழ் என்றால் சில நாளில் குருத்தெலும்பையே தின்றுவிடும். ராத்திரி தூங்கவிடாத வலி, காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகுவது, இவையும் அந்த வகைதான்.

தேவகோட்டை பிசியோ

மேலே சொன்னதுல எனக்கு மறுப்பு இல்லை. டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஆறு விஷயம் பார்த்து எழுதிட்டுப் போங்க, வேலை சுலபமாகும். ஆத்தாவைக் கட்டில்ல படுக்கச் சொல்லுங்க, ரெண்டு முட்டியும் வெளியே தெரியணும்.

முதல்ல சூடு. உங்க புறங்கையைத் தொடையில, முட்டிச்சில்லுல, கணுக்காலுக்கு மேல எலும்புல வரிசையா வைங்க. நல்ல முட்டியில சில்லுதான் இந்த மூணுல குளிர்ச்சியா இருக்கும். மத்த ரெண்டோட சூடு சமமா இருந்தாலே உள்ள அழற்சி இருக்குன்னு சந்தேகப்படலாம். நேரா ஒரு முட்டியை மட்டும் தொட்டா தெரியாது, ஒப்பிட்டாத்தான் தெரியும்.

அடுத்து நீட்டம். காலைத் தளர்வா நீட்டச் சொல்லி, முட்டிக்குப் பின்னால மடிப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல கையை விட்டுப் பாருங்க. கெட்டியான கட்டில்ல பாருங்க, இலவம்பஞ்சு மெத்தைல அமுங்கி ஏமாத்திரும். ஒரு பக்கம் விரல் போகாம, இன்னொரு பக்கம் ரெண்டு விரல் தாராளமாப் போனா அந்த முட்டி முழுசா நீளலைன்னு அர்த்தம். மடங்காததைத்தான் எல்லாரும் சொல்லிக் கவலைப்படுவாங்க. எனக்கு நீளாததுதான் பெரிய கவலை. அஞ்சு பாகை நீளலைன்னாலும் நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தொடைச்சதை ஓய்வில்லாம வேலை செய்யணும்.

நீர் கோத்திருக்கான்னு பார்க்கிறது எப்படின்னா, முட்டியோட உள்பக்கக் குழியைக் கீழேருந்து மேலே தொடைப் பக்கமா ரெண்டு மூணு தடவை நீவி விடுங்க. உடனே வெளிப்பக்கத்தை மேலேருந்து கீழே ஒரு தடவை நீவுங்க. உள்குழியில சின்ன அலை மாதிரி எழும்பி வந்தா நீர் இருக்கு. முட்டிக்குப் பின்னால எலுமிச்சை அளவு உருண்டை தட்டுப்படுறதும் பெரும்பாலும் உள்ள இருக்கிற நீர் பின்பக்கமாப் பிதுங்குறதுதான், புதுசா ஒரு கட்டி இல்லை. ஆனாலும் டாக்டர்கிட்டக் காட்டிருங்க.

நாலாவது, டெய்லர் டேப். சில்லோட மேல் விளிம்புலேருந்து 10 செ.மீ. மேலே பேனாவால கோடு போட்டு, அந்த இடத்துல ரெண்டு தொடைச் சுற்றளவும் எடுங்க. நோகுற பக்கம் 2 செ.மீ. குறைஞ்சிருந்தா சதை இளைச்சிருச்சு.

அஞ்சாவது, சில்லை விட்டுட்டுக் கொஞ்சம் கீழே உள்பக்கம் மூட்டுக்கோட்டை விரலால அழுத்துங்க. நடக்கும்போது பாரம் பெரும்பாலும் உள்பக்க அறையிலதான் இறங்கும், அதனால வலியும் முதல்ல அங்கதான் தட்டுப்படும். அதோட கணுக்கால் ரெண்டையும் சேர்த்து நிக்கச்சொல்லி முட்டிகளுக்கு நடுவுல எத்தனை விரல் போகுதுன்னு பாருங்க. கால் வில்லா வளையிறது அந்த இடைவெளியிலதான் முதல்ல தெரியும்.

கடைசியா நாற்காலி. 17 அங்குல உயரம், கை இல்லாதது, சுவர்ல சாத்தி வைங்க. கையை மார்புல குறுக்கே கட்டிக்கிட்டு 30 நொடியில எத்தனை தடவை முழுசா நின்னு உக்கார முடியுதுன்னு எண்ணுங்க. பெண்களுக்கு 60லேருந்து 64 வயசுலயே 12க்குக் கீழே போனா சராசரிக்குக் குறைவுன்னு கணக்கு, 53ல அதுக்கு மேல வரணும்.

ஒண்ணு விட்டுட்டேன், இடுப்பு. இடுப்புமூட்டுத் தேய்மானம் சில பேருக்கு முட்டியில மட்டுமே வலியாக் காட்டும். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாத் திருப்புங்க, தொடை உள்பக்கமாச் சுழலும். தொடையிடுக்குல வலி வந்தா முட்டியை விட்டுட்டு இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்க.

மருந்துச்சீட்டு

கால்சியம் டப்பாவை ஓரமாக வையுங்கள். கால்சியம் எலும்பின் அடர்த்திக்கு. எலும்பு மெலிவதும் மூட்டு தேய்வதும் வேறு வேறு நோய். எலும்பு மெலிந்தால் உடையும், உடையும் வரை வலிக்காது. வைட்டமின் டி குறைந்தால் தொடை, இடுப்பு, முதுகு என்று பரவலாக நோகும், ஒற்றை முட்டியில் படியிறங்கும்போது மட்டும் நோகாது. குளுக்கோசமின் மாத்திரையைக் கேட்டு வராத நாளில்லை. அதைத் தர வேண்டாம் என்றே நைஸ் சொல்கிறது.

வலிக்கு முதலில் தடவும் மருந்து. 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல் முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு 4 தடவை என்பது முழு அளவு. கணக்குப் போட்டால் 30 கிராம் ட்யூப் இரண்டு நாள்கூட வராது. நம் வீடுகளில் அதே ட்யூப் இரண்டு மாதம் ஓடும்! மிளகளவு எடுத்துப் பூசிவிட்டு 'ஜெல் கேக்கல' என்று மாத்திரைக்குத் தாவுகிறார்கள். டாக்டரிடம் அளவைக் கேட்டு, ஒரு வாரமாவது ஒழுங்காகப் பூசிவிட்டுச் சொல்லுங்கள். பூசிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, துணி சுற்றி இறுக்கக் கூடாது, கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் இளக்கும் மாத்திரை, இவற்றில் ஏதாவது இருந்தால் கேட்காமல் ஜெல்லும் வேண்டாம்.

உங்கள் ஆத்தாவின் விஷயத்தில் முக்கியமானது பிரஷர் மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரை 'பிரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடியும் வகையாக இருந்து, கூடவே நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை நசுக்கிவிடும். வெயிலில் நடந்து தண்ணீர் குறைந்த உடம்பில் இது இன்னும் மோசம். பாதயாத்திரையில் காலை ஒன்று மாலை ஒன்று போட்டுக்கொண்டு நடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை அம்லோடிபின் என்றால் கணுக்கால் வீங்கும். அது முட்டியிலிருந்து இறங்கிய நீர் என்று நினைத்து முட்டிக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்.

பெயர் ஒட்டாத பொட்டலப் பொடி, 'மூணே நாள்ல பறந்துடும்' ரகம், வேண்டவே வேண்டாம். அவ்வளவு வேகமாக வலி போனால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் சந்தேகம் வர வேண்டும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் பொட்டலத்தோடு போக வேண்டும்.

முடக்கத்தான் தோசை நன்றாக இருக்கும், சாப்பிடலாம். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. தவிட்டு ஒத்தடம் இறுக்கத்துக்கு இதமாக இருக்கும், 15 நிமிடம் போதும். முட்டி சூடாக வீங்கியிருக்கும் நாளில் மட்டும் அதை விட்டுவிட்டுத் துணியில் சுற்றிய ஐஸ்.

பள்ளத்தூரான்

எல்லாருக்கும் நன்றி. பார்த்து எழுதியிருக்கேன். சூடு இல்லை. வலது முட்டிக்குப் பின்னால ரெண்டு விரல் போகுது, இடதுல போகலை. அலை எழும்பலை. தொடை இடது 46.5, வலது 44.5. உள்பக்கம் அழுத்துனா 'ஸ்ஸ்'ங்கிறாக. நாற்காலி 9 தடவை. இடுப்பைத் திருப்புனா வலி இல்லை. சின்ன மூட்டு எதுலயும் வீக்கம் இல்லை. பிரஷர் மாத்திரை அம்லோடிபின்தான், வேற ஒண்ணும் இல்லை.

ரெண்டு சந்தேகம். தேயுற மூட்டை வச்சுக்கிட்டு உடற்பயிற்சி செஞ்சா இன்னும் தேயாதா? இன்னொண்ணு, வீட்டுக்குள்ள முகப்புலேருந்து அடுப்படிக்குப் போக உசரமான அடிச்சட்டம் உள்ள மூணு நிலைவாசல் தாண்டணும், பின்கட்டுல இந்தியன் டாய்லெட். என்ன செய்யலாம்?

தேவகோட்டை பிசியோ

தேயாது. டயர் ஓட ஓடத் தேயுற கணக்கை மூட்டுக்குப் போடாதீங்க. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லைன்னு மேலேயே சொல்லிட்டாங்க. பாரம் அமுக்கி விடும்போது மூட்டுநீர் உள்ளே போய் வெளியே வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. அசையாம வச்சா பட்டினி. உங்க கணக்குல எனக்குக் கண்ணுல படுறது மூணு: ரெண்டு விரல் நீளலை, 2 செ.மீ. சதை போயிருச்சு, 9 தடவை. மூணுமே திருப்பிக் கொண்டுவரக்கூடியது. இந்தக் கட்டத்துல பிடிச்சதே நல்ல நேரம். கீழே எழுதுறதை உங்க டாக்டரோ பக்கத்துல இருக்கிற பிசியோவோ ஒருதடவை பார்த்துட்டு ஆரம்பிங்க.

முதல் ரெண்டு வாரம் படுக்கையிலயே. காலை நீட்டி, கணுக்காலுக்கு அடியில ஒரு துண்டைச் சுருட்டி வைங்க, முட்டி அந்தரத்துல தொங்கட்டும். 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு 10 நிமிஷம் வரை, காலை மாலை. நீட்டம் இதுலதான் திரும்பும். அப்பறம் துண்டை முட்டிக்கு அடியில மாத்தி, முட்டியால அதைக் கட்டில்ல அமுக்குற மாதிரி தொடையை இறுக்கி 5 நொடி, விடு. இது 10 தடவை, ரெண்டு சுற்று. அடுத்து, நல்ல காலை மடக்கி ஊனிக்கிட்டு (இல்லைன்னா முதுகு வளைஞ்சு இடுப்பு பிடிச்சுக்கும்) நோகுற காலை நேரா ஒரு அடி உயரம் தூக்கி 5 நொடி. ஒரு அடிக்கு மேல வேண்டாம், மேல போகப்போக முட்டி மடங்கி வேலை இடுப்புக்குப் போயிரும். பிரஷர் இருக்கிறதால மூச்சைப் பிடிக்கக்கூடாது. ஒண்ணு ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க, எண்ணுறவுங்க மூச்சை அடக்க முடியாது.

மூணாவது வாரத்துலேருந்து வாரத்துக்கு மூணு நாள் நாற்காலிப் பயிற்சி. முதல்ல ரெண்டு தலகாணி போட்டு உசத்தி, கை ஊனாம எந்திரிச்சு, மூணு எண்ணி மெதுவா உக்காரணும். 'தொப்'னு விழுந்தா பாதிப் பலன் போச்சு, படி இறங்குற பிரேக்கு அந்த மெதுவா உக்கார்றதுலதான் இருக்கு. 8 தடவை, ரெண்டு சுற்று. சுலபமானதும் ஒவ்வொரு தலகாணியா எடுங்க. அப்பறம் 4 அங்குலப் பலகை மேல ஏறி இறங்குறது. முட்டி உள்பக்கம் சாயாம ரெண்டாவது கால்விரலுக்கு நேரா இருக்கணும்.

செய்யும்போது கொஞ்சம் நோகலாம். பத்துக்கு அஞ்சு வரைக்கும் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள்ள பழைய அளவுக்கு வந்துரணும். வரலைன்னாலோ வீங்குனாலோ எண்ணிக்கையைப் பாதியாக் குறைங்க, நிறுத்தாதீங்க. பத்து நாள் செஞ்சுட்டு 'ஒண்ணும் தெரியல'ன்னு விடுறதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சதை ஏற 6லேருந்து 12 வாரம் ஆகும். ராத்திரி முட்டிக்கு அடியில தலகாணி வச்சுத் தூங்குறது சுகமா இருக்கும், ஆனா அதை எடுத்துருங்க. அந்த ரெண்டு விரல் நாலு விரலாகிறது அதுலதான். வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்குடுக்கிற ஏற்பாடு 2021லேருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல இருக்கு, முடியாதவங்களுக்கு உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

எடை. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு எட்டுக்கும் முட்டிமேல சுமார் நாலு கிலோ பாரம் குறையுது. 71ல மூணரைக் கிலோ இறங்குனாலே 14 கிலோ. விசேஷ வீட்டுப் பலகாரத்தை முழுசா நிறுத்தச் சொல்லி எந்த ஆத்தாவும் கேட்டதில்லை. சாயங்காலம் தினமும் ஓடுற பணியாரத்தைக் குறைக்கச் சொல்லிப் பாருங்க.

பழனி. இன்னும் பன்னிரண்டு வாரத்துக்கு மேல இருந்தா முயற்சி பண்ணலாம். சமதரையில 15 நிமிஷத்துல ஆரம்பிச்சு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். மார்கழிக் கடைசியில, அடுத்தடுத்த ரெண்டு நாள் எட்டு எட்டு கிலோமீட்டர் நடந்து, மூணாம் நாள் காலையில முட்டி வீங்காம, இறுக்கம் அரைமணியைத் தாண்டாம இருந்தா கிளம்பலாம். இல்லைன்னா கடைசிக் கட்டத்தை மட்டும் நடக்கட்டும், முருகன் கோவிச்சுக்க மாட்டார். கம்பு வலது முட்டிக்கு இடது கையில. நோகுற பக்கமே பிடிச்சா பாரம் அதே முட்டிக்குத்தான் போகும். கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு வர்ற உயரம்தான் கம்போட உயரம். குன்றக்குடி மலைப்படியா இருந்தாலும் வீட்டு மாடியா இருந்தாலும் ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது நோகுற கால் முதல்ல.

ஆத்தங்குடி மேஸ்திரி

வைத்தியம் நமக்குத் தெரியாது, வீட்டைப் பத்தி மட்டும் சொல்றேன். நிலையை வெட்டிராதீங்க. தேக்கு நிலையில அடிச்சட்டத்தை அறுத்தா மேல இருக்கிற மொத்தமும் தளரும், அப்பறம் கதவு உக்காராது. அடிச்சட்டம் எட்டு அங்குலம் இருந்தா ரெண்டு பக்கமும் 4 அங்குல உயரத்துல அரைப்படி போடுங்க, முழுப்பாதம் பதியிற மாதிரி 12 அங்குலம் முன்னால நீளணும், வாசல் அகலத்துக்கு முழுசா. பாதி அகலத்துக்குப் போட்டா இருட்டுல ஓரத்துல கால் வச்சு விழுந்துருவாக. ஓரத்துல மஞ்சள் பட்டை அடிச்சிருங்க.

பிடிமானக் கம்பி 90 செ.மீ. உயரம். இங்கதான் பல பேர் தப்புப் பண்றாக. நம்ம பழைய சுவர் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, உள்ள செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். ரெண்டு அங்குல பிளக் அடிச்சு திருகாணி போட்டா பூச்சு மட்டும்தான் பிடிச்சிருக்கும், ஆள் பாரம் விழுந்த அன்னைக்குப் பாளமாப் பேந்து கையோட வரும். பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள்ள ஆழமாப் போற ஆங்கர் போடணும், இல்லைன்னா தரையிலேருந்து ஒரு இரும்புத் தூண் நிறுத்தி அதுல கம்பியை வெல்ட் பண்ணுங்க. மாட்டுனதும் நீங்க ஒருதடவை முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்துட்டு அப்பறம் ஆத்தாவைப் பிடிக்கச் சொல்லுங்க.

ஆத்தங்குடித் தரைக்கல்லுல தேங்கா எண்ணெய் போட்டுத் துடைக்கிறதை அவுக நடக்குற வழியில மட்டும் நிறுத்துங்க, காஞ்சிருந்தாலே வழுக்கும். பின்கட்டுல வெஸ்டர்ன் மாத்த இடம் இல்லைன்னா இப்போதைக்கு ஓட்டை வச்ச ஸ்டீல் நாற்காலியை இந்தியன் மேலேயே வைக்கலாம், 17, 18 அங்குல உயரம், கால்ல ரப்பர் குப்பி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ஈரத்தரையில அந்தக் குப்பி தேஞ்சிரும், ஆறு மாசத்துக்கு ஒருதடவை மாத்தணும். கோலத்துக்குக் குத்தவைக்கிறதுக்குப் பதிலா ஒரு அடி உயர முக்காலியில உக்காந்து போடலாம்னு சொல்லுவாக, ஆனா அதுலேருந்து எந்திரிக்கிறதும் கஷ்டம்தான். நடுவீட்டுக் கோலம் மட்டும் அவுக கையால போடட்டும், வாசல் கோலத்தை மருமகள்கிட்ட விட்ருங்க.